உன்னை ரொம்பத்

"இன்னா தம்பி, காலங்காத்தால இன்னா வார்த்தய போட்டு வெச்சிகீற?"

அம்மணி அக்கா போனில் கத்தியபோது நான் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு எங்கள் வீட்டுத் தெருமுனையில், ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் தண்ணீர் கேன் கடை. அவரைப் போல ஆறு கடைக்காரர்கள் சேர்ந்து எங்கள் கம்பெனியிடம் ஓர் ஆப் செய்து வாங்கியிருந்தார்கள். பட்டனை அழுத்தினால் கேன் வீட்டுக்கு வரும். இரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த அந்த ஆப்பில் இப்போது வாலட் சேர்க்கச் சொல்லியிருந்தார்கள். முன்னாலேயே பணத்தைப் போட்டு வைத்துக்கொண்டால், முப்பத்தைந்து ரூபாய்க் கேனுக்கு ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டிவிட்டுச் சில்லறைக்காக வாசலில் நின்று சண்டை போட வேண்டாம். மேடவாக்கத்தில் இருக்கும் மகன் கிழக்குத் தாம்பரத்தில் இருக்கும் அப்பா அம்மாவின் வாலட்டுக்குப் பணம் அனுப்பலாம். அதற்குப் புரோகிராம் எழுதித் தருவது நான். கேசவன், வயது முப்பத்தெட்டு, கண்ணாடி பவர் மைனஸ் ஆறு.

"எங்க நாத்தனாரு பட்டன அமுக்கிட்டு ஒரே அயுவாச்சி. பணம் போயிட்ச்சுனு போட்டுகீது. எங்க போச்சி, எவன் எத்துகினு போனான்னு கேக்குறா. நா இன்னா பதில் சொல்றது?"

சோதனைக்காகக் கொடுத்த ஆப் அது, உள்ளே இருப்பது பொய்க்காசு, அழ ஒன்றுமில்லை என்றேன். அக்கா விடவில்லை. பொய்க்காசுக்கே இந்த அழுகை என்றால் நிஜக்காசுக்கு ஜனங்கள் கடையையே கொளுத்திவிடுவார்கள் என்றார். அதுவும் சரிதான். ஆங்கிலத்தில் இருந்ததைப் பார்த்து 'பணம் போய்விட்டது' என்று அப்படியே எழுதி வைத்தவன் நான். கீழ்க்கட்டளையில் ஒரு கேக் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் ஆபீசில் மொத்தம் நாலு பேர். நாலு பேரில் தமிழ் எழுதத் தெரிந்தவன் என்று என் தலையில் கட்டியிருந்தார் முதலாளி ஸ்ரீரங்கன் சார்.

மறுநாள் அதை 'பணம் போய்ச் சேர்ந்தது' என்று மாற்றினேன். நல்ல தமிழ் என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. அரை மணி நேரத்தில் அக்காவின் போன்.

"போய்ச் சேந்துட்ச்சா? யாரு தம்பி போய்ச் சேந்தது? எங்க மாமனாரு போய்ச் சேந்தப்பக்கூட நா இப்டி பயப்படல. எட்து கடாசு மொதல்ல."

வேதா இருந்திருந்தால் இது நடந்திருக்காது. அதுதான் உடனே தோன்றியது, வேறு எதுவும் தோன்றவில்லை.

வேதா என் மனைவி. பம்மலில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் நான் எழுதிய எந்தத் தமிழும் அவள் சிவப்பு மையிலிருந்து தப்பியதில்லை. மளிகைச் சீட்டில்கூட 'உளுந்துப் பருப்பு' என்று ஒற்றுப் போட்ட பிறகுதான் கடைக்குப் போக விடுவாள். இந்த ஆப்பை முதன்முதலில் ஏற்றிப் பார்த்தது என் போனில், இரண்டாவது அவள் போனில். 'கேன் விநியோகிக்கப்படும்' என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, "கேன் வரும்னு போட்டா குறைஞ்சா போயிடுவீங்க?" என்றாள். அப்படியே மாற்றினேன். இப்போதும் ஆப்பில் அப்படித்தான் இருக்கிறது.

அவள் அனகாபுத்தூருக்குப் போய் எட்டு மாதம் ஆகிவிட்டது.

பெரிய சண்டை எதுவும் இல்லை. இருந்திருந்தால் தேவலை, சமாதானம் பேசவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். அவள் அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் ஆபரேஷன். வீட்டில் வேறு ஆள் இல்லை. ஆறு மாதம் நாம் இரண்டு பேரும் அங்கே போய் இருக்கலாமா, உங்களுக்கு லேப்டாப்தானே, எங்கே வைத்தால் என்ன என்று கேட்டாள். அன்றைக்கு எனக்கு ஏதோ ஓர் ஆப் ரிலீஸ். எதற்கான ரிலீஸ் என்று இப்போது ஞாபகம்கூட இல்லை. லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்காமல், "போகணும்னா நீ போ" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் பெட்டி உருளும் சத்தம் கேட்டது. "போறேன்" என்றாள்.

நம் ஆட்கள் யாராவது வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்வார்களா? பால் பாக்கெட் வாங்கப் போனாலும் 'வரேன்' என்றுதான் சொல்வாள். ஒன்பது வருடத்தில் முதல்முறையாக அந்த வார்த்தை வந்தது. எனக்குக் காதில் விழுந்தது, சுருக்கென்றும் இருந்தது. 'வரேன்னு சொல்லு' என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனாலும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடத்தைத்தான் எட்டு மாதமாகத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

பேசிக்கொள்ளவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கரண்ட் பில் கட்டியாச்சா, காஸ் புக் பண்ணியாச்சா, வீட்டுக்காரர் வந்தாரா என்று வாட்ஸப்பில் வரும். கட்டியாச்சு, பண்ணியாச்சு, வந்தார் என்று பதில் போடுவேன். அத்தைக்கு முட்டி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டும் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். கேட்டால், இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை என்ற கேள்வி வரும். அதற்குப் பயந்து இன்னும் கொஞ்ச நாள் கேட்காமல் இருந்தேன். நாள் கூடக் கூடப் பயமும் கூடியது. படித்தவன் செய்கிற காரியமா இது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன்.

வாலட்டுக்கு வருகிறேன். ஒரு வாலட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் போகிறதா என்று பார்க்க இரண்டு கணக்கு வேண்டும். சோதனைப் பட்டியலைத் திறந்தால் முதலில் என் நம்பர், இரண்டாவதாக வேதாவின் நம்பர். இரண்டு வருடத்துக்கு முன்னால் நானே போட்டு வைத்தது. அதை எடுத்துவிட்டு ஸ்ரீரங்கன் சார் நம்பரைப் போட்டிருக்கலாம். எடுக்க மனசு வரவில்லை. சோதனை ஆப்பை அவள் எப்போதோ போனிலிருந்து அழித்திருப்பாள், ஆகவே நான் எதை அனுப்பினாலும் எங்கேயும் போகாது, யாருக்கும் தொந்தரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு ரூபாய் அனுப்பினேன். பணத்தோடு இரண்டு வரி எழுதி அனுப்பக் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் வைத்திருந்தோம், நாற்பது எழுத்து வரைக்கும். அதில் 'டெஸ்ட்' என்று எழுதினேன். அடுத்ததற்கு 'டெஸ்ட் இரண்டு'. எத்தனை தடவைதான் டெஸ்ட் டெஸ்ட் என்று எழுதுவது? மைக் செட்காரன் மாதிரி இருந்தது. அடுத்த ரூபாயோடு, 'காபிப்பொடி எந்தக் கடையில் வாங்குவாய் என்று சொல்லவே இல்லை' என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. இரண்டு வாரம், ஒரு நாளைக்கு மூன்று நாலு என்று ரூபாய் ரூபாயாக அனுப்பினேன். மாடி வீட்டு நாய் குட்டி போட்டதை எழுதினேன். அவள் வைத்துவிட்டுப் போன கறிவேப்பிலைச் செடி காய்ந்து, நான் பதறித் தண்ணீர் ஊற்றி, அது மறுபடி துளிர்த்ததை எழுதினேன். அத்தையின் முட்டியைப் பற்றிக் கேட்டேன். ஒருநாள், 'அன்றைக்கு நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும்' என்று எழுதி அனுப்பிவிட்டு, எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். கடைசியாக ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதை எழுதினேன்: 'வேதா, வீடு பெரிசா இருக்கு. உன்னை ரொம்பத் தேடுது.'

யாரும் படிக்கப்போவதில்லை என்றால் மனுஷனுக்கு எவ்வளவு சுலபமாக எழுத வருகிறது!

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாலட் மறுநாள் வெளியாக வேண்டும் என்பதால் வீட்டில் உட்கார்ந்து கடைசியாகச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைப் பக்கத்தில் நான் போடாத ஆர்டர் ஒன்று வந்து நின்றது. கேன் ஒன்று. ரூபாய் முப்பத்தைந்து. வாலட்டிலிருந்து செலுத்தப்பட்டது. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது, யார்டா இது நடுவில் விளையாடுவது என்று. அப்புறம் விலாசத்தைப் பார்த்தேன். அனகாபுத்தூர். அத்தை வீடு.

கீழே, டெலிவரி செய்பவருக்கான கட்டத்தில் ஒரு வரி இருந்தது. 'வாசலில் வைத்துவிட்டுப் போக வேண்டாம்.'

கொஞ்ச நேரத்துக்கு எதுவும் புரியவில்லை. பிறகு எல்லாமே ஒன்றாகப் புரிந்தது. ஆப் அவள் போனில் இருக்கிறது. அழிக்கவில்லை. எட்டு மாதமாக அங்கேயே இருந்திருக்கிறது, புது வாலட்டும் தானாகவே அதில் போய் ஏறியிருக்கிறது. நான் அனுப்பிய ஒவ்வொரு ரூபாயும் அவள் போனில் டிங் என்று போய் விழுந்திருக்கிறது, குறிப்போடு சேர்த்து. நாய்க்குட்டி, காபிப்பொடி, எல்லாம். காது இரண்டும் சூடாகிவிட்டன. அந்த ரூபாய்களை எல்லாம் சேர்த்து வைத்து இப்போது என்னிடமே தண்ணீர் கேட்கிறாள்.

பொய்க்காசுக்குப் போட்ட ஆர்டர் எந்தக் கடைக்கும் போகாது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான். சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு அம்மணி அக்கா கடைக்கு ஓடினேன்.

"ஒரு கேன் குடுங்கக்கா. அனகாபுத்தூருக்கு."

"அங்க நம்ம ஆளு போவ மாட்டானே. யாரு எத்துகினு போறது?"

"நான்தான்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேதாவை அவருக்குத் தெரியும், எட்டு மாதக் கதையும் தெரியும். இந்தத் தெருவில் அவருக்குத் தெரியாதது எது? நல்ல புதுக் கேனாகப் பொறுக்கி எடுத்து, ஈரத்தைத் துணியால் துடைத்து, என் ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் நிறுத்தினார்.

"ரொம்பிய கேன வெச்சா காலி கேன எத்துகினு வரணும். நம்ம தொயில்ல அதான் ரூலு. வெறுங்கையோட வந்து நிக்காத."

தாம்பரம் பாலம் ஏறி இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடித்து, பல்லாவரத்தில் இடதுபக்கம் ஒடித்து, பம்மல் வழியாகப் போனேன். இரண்டு முட்டிக்கும் நடுவில் இருபது லிட்டர் தண்ணீர். ஒவ்வொரு ஸ்பீட் பிரேக்கரிலும் அது ஒருதடவை குலுங்கியது. வேதாவின் பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது, பேசாமல் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போய், ஒன்றும் யோசிக்காமலே அத்தை வீட்டுச் சந்துக்குள் வந்துவிட்டேன்.

கதவு திறந்திருந்தது. அத்தை வாக்கரைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நின்றிருந்தார். இளைத்திருந்தார். "வாங்க மாப்பிள்ள" என்றார், நேற்றுத்தான் வந்துவிட்டுப் போனவனிடம் சொல்வதைப் போல. அது என்னவோ ரொம்ப வலித்தது.

வேதா சமையற்கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். கொஞ்சம் கறுத்திருந்தாள். கண்ணாடி ஃபிரேமை மாற்றியிருந்தாள், எனக்குத் தெரியாமல். நான் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு, செருப்பைக் காலாலேயே கழற்றப் பார்த்துத் தடுமாறினேன். அவள் சிரிக்கவில்லை. "அங்க வைங்க" என்று மூலையைக் காட்டினாள். வைத்தேன்.

பிறகு மூன்று பேரும் அந்தக் கேனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உங்க ஆப்புல ஒரு தப்பு இருக்கு" என்றாள். போனை எடுத்து நீட்டினாள். "எல்லாம் பாதியிலயே நிக்குது."

வாங்கிப் பார்த்தேன். நான் அனுப்பிய குறிப்புகள் வரிசையாக இருந்தன. நீளமானது ஒவ்வொன்றும் நடுவில் துண்டாகி நின்றது. பார்த்த உடனேயே என்ன தப்பு என்று தெரிந்துவிட்டது. 'கு' என்பது நமக்கு ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்கு 'க' ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக இரண்டு. 'க்' என்றால் புள்ளி தனியாக ஒன்று. நாற்பது எழுத்து என்று நான் நினைத்தது ஆங்கிலக் கணக்கு. தமிழில் பாதித் தூரத்திலேயே கதவைச் சாத்திவிட்டது. பதினைந்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வெட்கக்கேடு.

"இத பாருங்க" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினாள். "'அன்றைக்கு நிமிர்ந்து பார்த்திருக்க வேண்ட'. அவ்ளோதான் வந்துது. வேண்டுமா, வேண்டாமா? மூணு நாள் தூங்கல நான்."

"வேண்டும்" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். "இதெல்லாம் எனக்கு வரும்னு தெரிஞ்சுதான் எழுதினீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும், நல்லபடியாகவே முடிந்திருக்கும். அந்த ஆசை எனக்கு இருந்தது. ஆனால் இந்த வீடு வரைக்கும் வந்து நின்றுகொண்டு இன்னொரு தடவை தலையைக் குனிந்துகொள்ள முடியாது.

"இல்ல. ஆப்பை நீ எப்பவோ அழிச்சிருப்பேன்னு நினைச்சேன்."

"வரும்னு தெரிஞ்சிருந்தா?"

"எழுதியிருக்க மாட்டேன்."

"அதானே" என்றாள். போனை வாங்கிக்கொண்டாள். "ரெண்டு தடவை அழிக்கலாம்னு விரலை வெச்சேன். 'கேன் வரும்'னு அதுல நான் சொன்ன வார்த்தை இருந்துது. விட்டுட்டேன்." சமையற்கட்டுப் பக்கம் திரும்பினாள். இரண்டு அடி நடந்து நின்றாள். "கடைசியா வந்தது ஒண்ணு பாக்கி இருக்கு. 'உன்னை ரொம்பத்'னு நிக்குது. ஒற்று மட்டும் வந்திருக்கு. அடுத்த வார்த்தை தகர வரிசையில ஆரம்பிக்குதுன்னு தெரியுது. திட்டறீங்களா, தொல்லைங்கறீங்களா? டீச்சருக்கே தெரியல."

அத்தை வாக்கரைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார். பக்கத்து வீட்டு டி.வி.யில் ஏதோ சமையல் நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது. பார்த்துப் படிக்க என் முன்னால் திரை இல்லை, அழித்து எழுத வழியில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"தேடுது" என்றேன். சத்தம் வெளியே வந்ததா என்று சந்தேகமாக இருந்ததால், இன்னொரு தடவை முழுசாகச் சொன்னேன். "உன்னை ரொம்பத் தேடுது, வேதா."

அவள் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள், வெகுநேரம் துடைத்தாள். அத்தை மெதுவாக வாக்கரை நகர்த்திக்கொண்டு உள்ளே போனார்.

"மோர் குடிக்கிறீங்களா?" என்றாள் கடைசியில்.

மோர் குடித்தேன். வாலட்டில் 'பணம் போய்விட்டது' என்று எழுதி அம்மணி அக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதைச் சொன்னேன். 'போய்ச் சேர்ந்தது' என்று மாற்றியதைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள். "எப்பவும் அனுப்பறவன் பக்கத்துலயே நின்னு பேசினா இப்படித்தான். வாங்கறவங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க. 'பணம் வந்தாச்சு.' முடிஞ்சுது" என்றாள். இரண்டு வார்த்தை. நான் பத்து நாளாக மண்டையை உடைத்துக்கொண்ட விஷயம்.

கிளம்ப வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வா என்று கூப்பிட நாக்கு துடித்தது. எந்த வாயால் 'போ' என்றேனோ அதே வாயால் உடனே 'வா' என்று எப்படிச் சொல்வது? ஆகவே, இருக்கிற தைரியத்தில் வேறொன்றைக் கேட்டேன்.

"காலி கேன்?"

"இல்லையே. நாங்க கேனே வாங்கறதில்ல. காய்ச்சித்தான் குடிப்போம்."

"அக்கா வெறுங்கையோட வராதேன்னாங்க. சரி, இது தீர்ந்ததும் சொல்லு, நான் வந்து எடுத்துட்டுப் போறேன்."

வேதா மூலையில் இருந்த கேனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வேண்டாம்" என்றாள். "இது தீரட்டும். காலி கேனை நானே எடுத்துக்கிட்டு வரேன்."

நான் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டேன். எட்டு மாதமாகக் கேட்காத வார்த்தை. ஒருநாள் வந்துவிட்டுத் திரும்புவதற்கா, இருப்பதற்கா, அத்தையையும் கூட்டிக்கொண்டா, எதையும் நான் கேட்கவில்லை. கேட்டு அந்த வார்த்தையைக் கலைக்க எனக்குத் தைரியமில்லை. ஸ்கூட்டரைத் திருப்பி நிறுத்தி, சாவியைப் போட்டுக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டேன். வீட்டில் இரண்டே பேர். வேதா பகல் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் இருப்பாள். அத்தை ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாலே எழுந்து போக முட்டி வலிக்கும் என்று தொண்டையை நனைப்பதோடு சரி, மோர் கொடுக்கும்போது வேதா சொன்னது. இருபது லிட்டர். இந்த வேகத்தில் போனால் பத்து நாளாவது ஆகும். பன்னிரண்டுகூட ஆகலாம்.

வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் திரும்ப வாசலுக்கு ஓடினேன்.

"அத்தை!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். "வெயில் ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. தண்ணி நிறைய குடிங்க அத்தை!"